விண்டோஸா, லினக்ஸா, மேக்கா? இயங்குதளச் சண்டையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூன்றில் எது தேவலை என்ற பேச்சு டீ நேரத்தில் ஆரம்பித்தால் அரைமணியில் ஆளைத் திட்டுவதில் போய் நிற்கும். இங்கே தொழில்நுட்பக் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். எந்த ஐகான் அழகு, எந்தக் கம்பெனி மோசம் என்பதெல்லாம் இதில் கிடையாது. என் சாய்வு எந்தப் பக்கம் என்பது படிக்கும்போதே தெரிந்துவிடும், மறைக்கப் போவதில்லை.

எது சிறந்தது என்று ஒரே வரியில் சொல்லக்கூடாதா?

சொல்லலாம், என்ன வேலைக்கு என்று நீங்கள் முதலில் சொன்னால். சர்வர் என்றால் லினக்ஸ். உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்களின் பட்டியலில் 2017 நவம்பரிலிருந்து எல்லாமே லினக்ஸ்தான். டேலியில் கணக்கு எழுதுபவருக்கு விண்டோஸ். ஃபைனல் கட் என்ற மென்பொருளில் வீடியோ வெட்டுபவருக்கு மேக்கை விட்டால் வழியில்லை. இந்த மூவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து எது உசத்தி என்று வாதாடினால் முடிவு வரவே வராது.

கர்னல், கர்னல் என்கிறார்களே, அதில் அப்படி என்ன சண்டை?

கர்னல் என்பது வன்பொருளை நேரடியாகத் தொடும் உள்பகுதி. எந்த நிரலுக்கு எவ்வளவு நினைவகம், யாருக்கு எப்போது பிராசஸர் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. அதற்குள் இருக்கும் நிரலுக்குத் தடையே கிடையாது, எதையும் தொடலாம். அதனால் அங்கே ஒரு பிழை வந்தால் மொத்தக் கணினியும் படுத்துவிடும். எவ்வளவு நிரலை உள்ளே வைப்பது, எதையெல்லாம் வெளியே தள்ளுவது என்பதுதான் சண்டை.

இதில் புகழ்பெற்றது 1992 ஜனவரி 29-ல் தொடங்கியது. ஆம்ஸ்டர்டாமில் பேராசிரியராக இருந்த ஆண்ட்ரூ டானன்பாம், மாணவர்களுக்குப் பாடம் நடத்துவதற்காக 1987-லேயே மினிக்ஸ் என்ற இயங்குதளத்தை வெளியிட்டிருந்தார். யூஸ்நெட் என்ற அந்தக் கால இணைய விவாத மேடையில், மினிக்ஸ் குழுவில் அவர் போட்ட செய்தியின் தலைப்பே ‘லினக்ஸ் காலாவதியானது’ என்பதுதான். ஹெல்சிங்கியில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸுக்கு அப்போது 22 வயது, லினக்ஸ் வெளிவந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன.

டானன்பாம் வைத்த குற்றச்சாட்டுகளில் இரண்டு முக்கியம். ஒன்று, லினக்ஸ் எல்லாவற்றையும் ஒரே பெரிய கர்னலுக்குள் திணிக்கிறது, இது எழுபதுகளுக்குத் திரும்பிப் போவது. ஃபைல் முறைமை (வட்டில் ஃபைல்களை அடுக்கும் பகுதி), டிரைவர் (வன்பொருளை இயக்கும் நிரல்) எல்லாம் தனித்தனி நிரலாக வெளியே இயங்கும் மைக்ரோகர்னல்தான் எதிர்காலம். இரண்டு, இன்டெல் 386 சிப்போடு லினக்ஸ் ஒட்டிப்பிறந்திருக்கிறது, வேறு வன்பொருளுக்குப் போகாது. லினஸ் காரசாரமாகப் பதில் எழுதினார். ஆனால் கோட்பாட்டளவில் மைக்ரோகர்னல்தான் அழகு என்பதை அவரும் ஒத்துக்கொண்டார். வேலைக்கு ஆகிறதா என்பதுதான் அவர் கேட்டது.

யார் ஜெயித்தார்கள்?

இரண்டாவது குற்றச்சாட்டு சில ஆண்டுகளிலேயே அடிபட்டுப்போனது. லினக்ஸ் வேறு சிப்களுக்குப் போனது. இன்று உங்கள் ஆண்ட்ராய்டு போனில் ஓடுவதும் அதே கர்னல்தான். முதல் விஷயத்தில்தான் வேடிக்கை. மைக்ரோகர்னல் பக்கம் போக நினைத்தவர்கள்கூட வேகத்துக்காகப் பாதியில் திரும்பினார்கள். மேக்கின் கர்னலில் மாக் என்ற மைக்ரோகர்னல் இருக்கிறது. ஆனால் அதோடு பிஎஸ்டி யூனிக்ஸின் நிரலும் ஒரே இடத்தில் சேர்ந்து கிடக்கிறது. 1993-ல் வந்த விண்டோஸ் என்டி, வரைகலையைக் கர்னலுக்கு வெளியே வைத்திருந்தது. 1996-ல் என்டி 4.0 வந்தபோது திரை வேகமாக வரைய வேண்டும் என்று அதை உள்ளே இழுத்தார்கள்.

அந்த முடிவின் வட்டி பிற்பாடு வந்தது. எழுத்துருவைப் படித்து வரையும் நிரலும் வரைகலையோடு சேர்ந்து உள்ளே போயிருந்தது. 2011-ல் பிடிபட்ட டூக்கூ என்ற வைரஸ், வேர்டு ஆவணத்தில் ஒரு எழுத்துருவை ஒளித்து வைத்து, அதன் வழியாக நேரே கர்னலுக்குள் புகுந்தது. ஓர் எழுத்துரு மொத்தக் கணினியையும் கைப்பற்ற முடிந்ததற்குக் காரணம் பதினைந்து ஆண்டு முன்பு வேகத்துக்காக எடுத்த ஒரு முடிவு. விண்டோஸ் 10-ல் எழுத்துரு வேலையை மறுபடியும் வெளியே ஒரு தனி நிரலுக்கு மாற்றிவிட்டார்கள்.

மினிக்ஸ் என்ன ஆயிற்று என்றால், இன்டெல் சிப்களுக்குள் இருக்கும் மேலாண்மைப் பகுதியில் ஓடுவது மினிக்ஸ்தான் என்று 2017-ல் தெரியவந்தது. விண்டோஸ் வாங்கினாலும் லினக்ஸ் போட்டாலும், அடியில் டானன்பாமின் நிரலும் ஓடிக்கொண்டிருக்கலாம்.

2024-ல் உலகம் முழுக்க நீலத்திரை வந்ததே, அது விண்டோஸின் தப்புதானே?

பாதி. 2024 ஜூலை 19, இந்திய நேரப்படி காலை 9:39-க்கு கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் தன் மென்பொருளுக்கு ஒரு சின்னத் தகவல் ஃபைலை அனுப்பியது. அதில் 21 விவரங்கள் இருப்பதாக எழுதியிருந்தது. கணினியில் ஏற்கனவே இருந்த நிரல் கொடுத்ததோ 20. இல்லாத 21-வதைத் தேடி, தனக்கு உரிமையில்லாத நினைவகத்தைப் படிக்கப் போனது. சாதாரண நிரலாக இருந்திருந்தால் அது மட்டும் மூடிக்கொண்டிருக்கும். கர்னலுக்குள் டிரைவராக உட்கார்ந்திருந்ததால் கணினியே விழுந்தது. ரீஸ்டார்ட் செய்தால் திரும்பவும் அதே ஃபைலைப் படித்துத் திரும்பவும் விழுந்தது.

மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி 85 லட்சம் கணினிகள். நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். தவறான ஃபைலை 78 நிமிடத்தில் திருப்பி எடுத்துக்கொண்டார்கள், ஆனால் ஏற்கனவே விழுந்த கணினிகள் பலவற்றுக்கு ஆள் நேரில் போய், சேஃப் மோடில் திறந்து அந்த ஃபைலை அழிக்க வேண்டியிருந்தது. வட்டு பிட்லாக்கர் என்ற விண்டோஸ் பூட்டு வசதியால் பூட்டப்பட்டிருந்தால் 48 இலக்க மீட்பு எண்ணும் வேண்டும். அந்த எண்களைச் சேமித்து வைத்திருந்த சர்வரும் விழுந்திருந்தால், கதை கந்தல்.

பிழை மைக்ரோசாஃப்ட் எழுதியதல்ல. ஆனால் வெளியார் நிரலைக் கர்னலுக்குள் தாராளமாக விட்ட வடிவமைப்பு அவர்களுடையது. ஆப்பிள் 2019-ல் வந்த கட்டலினா என்ற மேக் பதிப்பிலிருந்தே பாதுகாப்பு மென்பொருள்களைக் கர்னலை விட்டு வெளியே தள்ள ஆரம்பித்திருந்தது. அப்போது மேக்குக்கு மென்பொருள் எழுதுபவர்கள் புலம்பித் தீர்த்தார்கள். இந்த ஒரு விஷயத்தில் ஆப்பிளின் பிடிவாதம் சரி என்பது என் கட்சி. லினக்ஸ்காரர்கள் ரொம்பச் சிரிக்க வேண்டாம்: இதே மாதிரி மென்பொருள் லினக்ஸ் கர்னலையும் கவிழ்த்ததுண்டு, எண்ணிக்கை குறைவு என்பதால் செய்தியாகவில்லை.

அப்டேட் போட்டால் விண்டோஸ் மட்டும் ஏன் ரீஸ்டார்ட், ரீஸ்டார்ட் என்று உயிரை வாங்குகிறது?

ஃபைலை விண்டோஸ் பார்க்கும் விதமும் மற்ற இரண்டும் பார்க்கும் விதமும் வேறு. விண்டோஸில் ஒரு நிரல் ஃபைலைத் திறந்து வைத்திருந்தால், பொதுவாக வேறு யாரும் அதை அழிக்கவோ மாற்றவோ முடியாது. ‘இந்த ஃபைல் பயன்பாட்டில் உள்ளது’ என்ற பெட்டியைப் பார்க்காதவர் இருக்க முடியாது. ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் பாகங்களை மாற்ற வேண்டும் என்றால் எல்லாம் மூடியிருக்கும் நேரம் தேவை. அது ரீஸ்டார்ட்டின்போதுதான் கிடைக்கும்.

யூனிக்ஸ் வழியில் வந்த லினக்ஸிலும் மேக்கிலும் பெயர் வேறு, உள்ளடக்கம் வேறு. ஃபைலை அழித்தால் பெயர்தான் போகிறது. திறந்து வைத்திருக்கும் நிரலுக்கு உள்ளடக்கம் அப்படியே கிடைத்துக்கொண்டிருக்கும். அதனால் பழையது ஓடும்போதே புதியதை அதே பெயரில் வைத்துவிடலாம்.

கேட்க நன்றாக இருக்கிறது. நடைமுறையில் இரண்டு வம்பு. பாதுகாப்பு ஓட்டையை அடைக்கும் அப்டேட் போட்டாயிற்று என்று நிம்மதியாக இருப்பீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் சர்வர் நிரல் பழைய, ஓட்டையுள்ள பிரதியைத்தான் நினைவகத்தில் வைத்திருக்கும். அதை நிறுத்தித் தொடங்கும் வரை அப்டேட் போட்டதும் போடாததும் ஒன்றுதான். இன்னொன்று, வட்டு நிரம்பிவிட்டது என்று ஒரு பெரிய லாக் ஃபைலை அழிப்பீர்கள். ஃபைல்களின் அளவைக் கூட்டினால் இடம் ஏராளம் என்று வரும், வட்டோ இன்னும் 100 சதவீதம் நிரம்பியிருப்பதாகச் சொல்லும். அழித்த ஃபைலை ஏதோ ஒரு நிரல் திறந்தே வைத்திருக்கிறது என்று அர்த்தம். புதிதாக லினக்ஸ் சர்வர் பார்ப்பவர்களை ராத்திரியில் அழவைப்பது பெரும்பாலும் இதுதான்.

தமிழில் ஃபைலுக்குப் பெயர் வைத்தால் எங்கே தகராறு வரும்?

இந்தக் கேள்வியை ஆங்கிலத்தில் மட்டும் பெயர் வைப்பவர்கள் கேட்பதே இல்லை. மூன்று தளங்களின் குணமும் இதில் பளிச்சென்று தெரியும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

‘கொடி’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்துகளுக்குக் குறியீடு தரும் யூனிகோடு முறையில் அதன் முதல் எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரமும் ஒகரக் குறி ஒன்றும் என இரண்டு குறியீடு. அல்லது ககரம், ஒற்றைக்கொம்பு, கால் என மூன்று குறியீடு. திரையில் இரண்டும் ஒன்றேதான். யூனிகோடு விதிப்படியும் இரண்டும் சமம்.

ஆப்பிள் 1998-ல் கொண்டுவந்த ஹெச்எஃப்எஸ் பிளஸ் ஃபைல் முறைமை, எந்தப் பெயரையும் பிரித்த வடிவில்தான் எழுதிவைக்கும். நீங்கள் ஒகரக் குறியாகக் கொடுத்தாலும் கொம்பும் காலுமாக உடைத்துவிடும். விண்டோஸின் என்டிஎஃப்எஸ், லினக்ஸின் எக்ஸ்ட்4 இரண்டும் கொடுத்ததைக் கொடுத்தபடி வைக்கும். விளைவு: பழைய மேக்கிலிருந்து வந்த ‘கொடி’யும் நீங்கள் லினக்ஸில் தட்டச்சிட்ட ‘கொடி’யும் ஒரே ஃபோல்டரில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஃபைலாக உட்கார்ந்திருக்கும். தேடினால் ஒன்று கிடைக்கும், இன்னொன்று கிடைக்காது. கொ, கோ, கௌ வரிசை எழுத்துகளுக்கும் ஔ-வுக்கும் மட்டும் இந்தச் சிக்கல். ‘மரம்’ என்று பெயர் வைத்தால் ஒன்றும் ஆகாது. 2017-ல் வந்த ஏபிஎஃப்எஸ் என்ற ஆப்பிளின் புதிய ஃபைல் முறைமை இந்த உடைக்கும் வேலையை விட்டுவிட்டது. கொடுத்த வடிவத்தை வைத்துக்கொள்கிறது, ஒப்பிடும்போது இரண்டையும் ஒன்றாகப் பார்க்கிறது. முறையான தீர்வு இதுதான் என்று எனக்குப் படுகிறது.

மேக்கைக் குறை சொல்லும் லினக்ஸிலும் ஒரு குறை. எக்ஸ்ட்4-ல் ஃபைல் பெயர் 255 பைட்டுக்கு மேல் போகக்கூடாது. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், அவர்களுக்கு 255 எழுத்து. யூடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். நமக்கு 85 குறியீடு. புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனிக் குறியீடு என்பதால் சுமார் 50 எழுத்தில் கதவு மூடிவிடும். ஒரு கட்டுரைத் தலைப்பை அப்படியே ஃபைல் பெயராக வைத்துச் சேமித்துப் பாருங்கள், ‘பெயர் மிக நீளம்’ என்று திருப்பி அனுப்பும். என்டிஎஃப்எஸ்ஸில் கணக்கு பைட்டில் இல்லை, தமிழுக்கும் 255 குறியீடு கிடைக்கும். ஆனால் ஃபோல்டர்களோடு சேர்த்து மொத்தப் பாதை 260-ஐத் தாண்டக்கூடாது என்ற பழைய விதி விண்டோஸில் பல நிரல்களை இன்னும் கட்டிப்போட்டிருக்கிறது. அதைத் தளர்த்த 2016-ல் விண்டோஸ் 10-ல் ஒரு வசதி வந்தது. தானாக வராது, நீங்கள்தான் போய்த் திறந்துவிட வேண்டும்.

பழைய மென்பொருளை ஓட்டுவதில் யார் கெட்டி?

விண்டோஸ். போட்டியே இல்லை. அதற்கு அவர்கள் கொடுத்த விலையும் பெரிது. விண்டோஸில் சி, ஓ, என் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளில் ஒரு ஃபோல்டர் உருவாக்கிப் பாருங்கள், விடாது. விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளத்தின் காலத்தில் அது விசைப்பலகையையும் திரையையும் குறிக்கும் பெயர். அந்தக் காலத்து நிரல் ஏதாவது அதை நம்பியிருக்கும் என்று இன்றுவரை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். பாதையில் மற்ற உலகமெல்லாம் முன்சாய்கோடு போட, விண்டோஸ் பின்சாய்கோடு போடுவதும் 1983-ல் டாஸ் 2.0-ல் ஃபோல்டர்கள் வந்தபோது நடந்தது. முன்சாய்கோட்டை ஏற்கனவே கட்டளைகளின் விருப்பங்களுக்குக் கொடுத்துவிட்டிருந்தார்கள்.

ஆப்பிள் இதற்கு நேர் எதிர். 2019-ல் 32-பிட் என்ற பழைய வகை மென்பொருள் எல்லாவற்றையும் ஒரே வெட்டாக வெட்டியது. காசு கொடுத்து வாங்கிய மென்பொருள் ஓர் அப்டேட்டுக்குப் பிறகு திறக்காது.

லினக்ஸ் இந்த விஷயத்தில் இரட்டை வேடம். கர்னல் பயனர் நிரல்களை உடைக்கக் கூடாது என்பதில் லினஸ் கறார், மீறியவர்களைப் பொதுவில் திட்டியே இருக்கிறார். ஆனால் கர்னலுக்கு மேலே இருக்கும் நூலகங்கள் (நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் பொது நிரல்கள்) டிஸ்ட்ரோவுக்கு டிஸ்ட்ரோ, அதாவது உபுண்டு போன்ற லினக்ஸ் தொகுப்புக்குத் தொகுப்பு, மாறும். பத்து வருஷத்துக்கு முந்தைய வரைகலை நிரலை இன்றைய உபுண்டுவில் ஓடவைக்க ஓர் ஆள் ஒரு நாள் உட்கார வேண்டியிருக்கும்.

லினக்ஸ் போட்டால் 4 ஜிபி ரேமிலேயே பறக்கும் என்கிறார்களே?

டெஸ்க்டாப் வரும் வரை பறக்கும். பிரவுசரைத் திறந்து இருபது டேப் போட்டால் எல்லாத் தளமும் ஒன்றுதான், தின்பது பிரவுசர்.

இன்னும் ஒன்று. நிரல்கள் கேட்கும் நினைவகத்தை, கையில் இல்லாவிட்டாலும், லினக்ஸ் தருவதாகத் தலையாட்டிவிடும். கேட்பவர்கள் முழுதாகச் செலவழிக்க மாட்டார்கள் என்ற துணிச்சல். எல்லோரும் ஒரே சமயத்தில் கேட்டால் ஏதாவது ஒரு நிரலைப் பொறுக்கிக் கொன்றுவிடும். சர்வரில் அது பொறுக்குவது பல நேரம் அதிக நினைவகம் வைத்திருக்கும் டேட்டாபேஸாக இருக்கும், அதாவது எதற்காக அந்த சர்வரே இருக்கிறதோ அதை. விண்டோஸ் இல்லாததைத் தருவதாக ஒப்புக்கொள்ளாது, கேட்கும்போதே முகத்தில் அடித்தாற்போல் இல்லை என்றுவிடும். டெஸ்க்டாப்பில் எனக்கு விண்டோஸின் வழி பிடிக்கும்.

லினக்ஸில் வைரஸ் வராது, நிரலை எல்லோரும் பார்க்கிறார்களே?

பார்க்கலாம் என்பது உண்மை. பார்க்கிறார்களா என்பது வேறு. டர்ட்டி கவ் என்ற கர்னல் ஓட்டை 2007-லிருந்து எல்லோர் கண் முன்னும் இருந்து 2016-ல்தான் அடைபட்டது.

2024 மார்ச் மாதக் கதை இன்னும் சுவாரசியம். எக்ஸ்இசட் என்ற, கிட்டத்தட்ட எல்லா டிஸ்ட்ரோவிலும் இருக்கும் சுருக்க நூலகத்தில், இரண்டு ஆண்டுக்கு மேல் நல்லவராக உழைத்து நம்பிக்கை பெற்ற ஒருவர் பின்வாசல் (ரகசியமாக உள்ளே நுழையும் வழி) ஒன்றை வைத்துவிட்டார். நிரலைப் படித்து யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஆண்ட்ரஸ் ஃப்ராயண்ட் என்பவர் போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸின் வேகத்தை அளந்துகொண்டிருந்தபோது, எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் முறை) உள்நுழைவு வழக்கத்தைவிட அரை விநாடி அதிகம் எடுப்பதைக் கவனித்துத் தோண்டினார். நிரல் திறந்து கிடந்ததால் தோண்ட முடிந்தது என்பதும் உண்மை. அவர் மைக்ரோசாஃப்டில் வேலை பார்ப்பவர் என்பதை இரு தரப்பு ரசிகர்களுமே அவ்வளவாகச் சொல்வதில்லை.

விண்டோஸ் பக்கம் 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற, ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் வந்தபோது, அதற்கான அப்டேட் மார்ச்சிலேயே வெளியாகியிருந்தது. போடாதவர்கள்தான் பெரும்பாலும் மாட்டினார்கள். ரீஸ்டார்ட் தொல்லைக்காக அப்டேட்டைத் தள்ளிப்போடுவதன் விலை அது.

எம்1 சிப் வந்த பிறகு மேக் மற்றதைவிட வேகமாகிவிட்டதா?

சிப் வேகம். 2020-க்கு முன் இன்டெல் சிப்பில் ஓடியதும் அதே மேக் இயங்குதளம்தான், அப்போது யாரும் இப்படிச் சொல்லவில்லை. இயங்குதளத்துக்குச் சேர வேண்டிய பாராட்டு ரொசெட்டா 2-க்கு: இன்டெல்லுக்காக எழுதிய நிரலை முன்கூட்டியே மொழிமாற்றி, பயனருக்கே தெரியாமல் ஓட்டியது.

தரமானது தோற்ற கதைகளும் உண்டாமே?

உண்டு. ஐபிஎம்மின் ஓஎஸ்/2 2.0, 1992-லேயே 32-பிட், ஒரு நிரல் விழுந்தால் இன்னொன்று விழாத நினைவகக் காவல் எல்லாம் வைத்திருந்தது. விண்டோஸ் நிரல்களையும் நன்றாக ஓட்டியது. அதுவே வினையாயிற்று என்று சொல்வார்கள்: விண்டோஸுக்கு எழுதினால் இரண்டிலும் ஓடும் எனும்போது ஓஎஸ்/2-வுக்கென்று யார் தனியாக எழுதுவார்கள்? அதன் ரசிகர்கள் மறைக்கும் ஒரு குறையும் இருந்தது. விசைப்பலகை, மவுஸ் உள்ளீடு எல்லாம் ஒரே வரிசையில் போகும். ஒரு நிரல் பதில் சொல்லாமல் மரத்துப்போனால், அடியில் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தும் திரை உறைந்து நிற்கும்.

1995-ல் ஜெயித்த விண்டோஸ் 95-ன் லட்சணமோ இது: நேரத்தை மில்லி விநாடியில் எண்ணும் 32-பிட் எண் 49.7 நாளில் நிரம்பிவிடும், அப்போது கணினி உறையும். வெளிவந்து நான்கு ஆண்டு கழித்துத்தான் அதற்கு மருந்து வந்தது. விண்டோஸ் 95 இடையில் விழாமல் 49 நாள் தாக்குப்பிடித்தால்தானே யாராவது கவனிக்க!

விண்டோஸ் 10 நின்றுவிட்டது, என் பழைய கணினியில் 11 ஏறாது. லினக்ஸுக்கு மாறலாமா?

2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப், இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறை சிப் வேண்டும். உங்களுடையது அதற்கு முந்தையது என்றால் லினக்ஸ் நல்ல வழி. ஆனால் வட்டைத் துடைத்துவிட்டு யோசிக்காதீர்கள். மின்ட் அல்லது உபுண்டுவை ஒரு பென்டிரைவில் ஏற்றி, நிறுவாமல் அதிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். வைஃபை வருகிறதா, மூடி திறந்தால் லேப்டாப் தூக்கத்திலிருந்து எழுகிறதா, பிரின்டரில் ஒரு பக்கம் வருகிறதா, தமிழ்99 விசைப்பலகை அமைகிறதா. ஜிஎஸ்டி வேலை செய்பவர் என்றால் டிஎஸ்சி (டிஜிட்டல் கையெழுத்து) டோக்கனைச் செருகி, அந்த மாடலுக்கு லினக்ஸ் டிரைவர் உண்டா என்று முதலில் பாருங்கள். அது இல்லையென்றால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை. ஒரு விண்டோஸ் கணினியையும் கூடவே வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.